ஐம்பது ஹெர்ட்ஸிலிருந்து மேலேறிய டப்ஸ்டெப்

வணக்கம் நண்பர்களே. டப்ஸ்டெப் என்ற மின்னணு நடன இசையைச் சொன்னதும் உங்களில் பெரும்பாலோருக்கு நினைவுக்கு வருவது, இயந்திரம் ஒன்று உறுமுவதுபோல் ஒலிக்கும் முரட்டு பேஸ் (தாழ்சுர) ஒலிதான். ஆனால் அந்த இசை தெற்கு லண்டனில் உருவானபோது அதில் உறுமலைவிட இடைவெளியே அதிகமாக இருந்தது. அமைதியாகத் தொடங்கிய ஒரு இசையை அமெரிக்கர்கள் வந்து கெடுத்துவிட்டார்கள் என்று வழக்கமாக ஒரு கதை சொல்லப்படுவதுண்டு. அதில் பாதிதான் உண்மை என்பது என் கருத்து. முரட்டுத்தனம் உள்ளிருந்தே கிளம்பியது. அதை யார் கொண்டுவந்தார்கள் என்பதைக் காட்டிலும், அந்த இசை எந்த ஒலிபெருக்கியில் கேட்கப்பட்டது என்பதே அதன் போக்கைப் பெரிதும் தீர்மானித்தது. இன்று அதைத்தான் விரிவாகப் பேசப் போகிறேன். முடிந்தால் ஹெட்ஃபோன் அணிந்துகொள்ளுங்கள். நான் இடையிடையே ஒலிக்கவிடப்போகும் துணுக்குகளில் பாதி, கைபேசியின் ஸ்பீக்கரில் கேட்கவே கேட்காது.

முதலில் இடத்தைப் பார்ப்போம். லண்டனின் தெற்கு விளிம்பில் உள்ள குராய்டனில், சர்ரே தெருவில், பிக் ஆப்பிள் ரெக்கார்ட்ஸ் என்ற இசைத்தட்டுக் கடை இருந்தது. ஹாட்சா என்ற டிஜே அங்கே விற்பனையாளர். இசைத் தயாரிப்பாளர்கள் ஸ்கிரீம், பெங்கா ஆகிய இருவரும் பதின்பருவத்திலேயே அந்தக் கடையைச் சுற்றி வளர்ந்தவர்கள். 2000-ஆம் ஆண்டையொட்டி யூகே கராஜ் என்ற பிரிட்டிஷ் நடன இசை வானொலிக்கும் விற்பனைப் பட்டியலுக்கும் ஏற்ற பளபளப்பான பாடல்களாக மாறிக்கொண்டிருந்தபோது, இவர்கள் அதிலிருந்து பாடகரின் குரலை நீக்கி, இருண்ட தாளத்தையும் பேஸையும் மட்டும் வைத்துக்கொண்டார்கள். அந்தத் தட்டுகள் ஒலித்த இடம் 2001-இல் சோஹோவில் தொடங்கிப் பின்னர் ஷோர்டிச்சில் உள்ள பிளாஸ்டிக் பீப்பிள் என்ற சிறிய கிளப்புக்கு மாறிய ஃபார்வர்ட் என்னும் இரவு நிகழ்ச்சி.

இப்போது ஒரே ஒரு சுற்றை மட்டும் எடுத்து அருகில் வைத்துப் பார்ப்போம். வேகம் நிமிடத்துக்கு 140 துடிப்பு. நான்கு துடிப்பு கொண்ட ஒரு சுற்று ஏறத்தாழ 1.7 விநாடியில் முடிந்துவிடும். முதல் துடிப்பில் கிக் (கனத்த டிரம் அடி) விழுகிறது. மூன்றாவதில் ஸ்னேர் (கூர்மையான டிரம் அடி) விழுகிறது. நடுவில் வேறு எதுவும் இல்லாமலும் போகலாம். ஹாஃப்-ஸ்டெப் என்று அழைக்கப்பட்ட இந்த அமைப்பை அதன் எலும்புவரை சுரண்டிக் காட்டியவர் லோஃபா என்ற தயாரிப்பாளர். கணக்குப்படி 140-ஆக இருப்பது உடலுக்கு 70-ஆகத்தான் படும். கிக்குக்கும் ஸ்னேருக்கும் நடுவில் எஞ்சும் வெற்றிடத்தில் 40 முதல் 60 ஹெர்ட்ஸ் வரையிலான, சப் பேஸ் எனப்படும் மிகத் தாழ்ந்த பேஸ் வந்து அமர்கிறது. 50 ஹெர்ட்ஸ் ஒலியலையின் நீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். அதை முழுமையாக எழுப்புவதற்குப் பெரிய ஒலிபெருக்கிகளும் கணிசமான மின்சக்தியும் தேவை. எனவே இந்த இசை தொடக்கத்திலிருந்தே ஒரு குறிப்பிட்ட வகை அறையை நம்பி எழுதப்பட்டது.

அந்த அறைகளில் மிகவும் புகழ்பெற்றது பிரிக்ஸ்டனில் இருந்தது. மாலா, கோக்கி, லோஃபா ஆகியோர், எம்சி சார்ஜன்ட் போக்ஸுடன் சேர்ந்து, 2005-இல் டிஎம்இசட் இரவுகளைத் தொடங்கினார்கள். செயின்ட் மாத்யூ தேவாலயக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த தேர்ட் பேஸ் கிளப்தான் அவர்களுடைய இடம். 2006 ஜனவரியில் மேரி ஆன் ஹாப்ஸ் பிபிசி ரேடியோ 1-இல் இந்தக் கலைஞர்களை ஒன்றுதிரட்டி நிகழ்ச்சி ஒன்றை ஒலிபரப்பினார். இரண்டு மாதங்கள் கழித்து வந்த டிஎம்இசட் முதலாண்டு விழாவுக்குத் திரண்ட கூட்டம் அடித்தளத்தில் கொள்ளாமல், நிகழ்ச்சியையே மேலே இருந்த பெரிய அரங்குக்கு மாற்ற வேண்டியதாயிற்று.

டப்பிளேட்டைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒரு பாட்டு முடிந்ததும் அதைத் தெற்கு லண்டனின் ஃபாரஸ்ட் ஹில் பகுதியில் இருந்த டிரான்சிஷன் ஸ்டூடியோவுக்கு எடுத்துச் சென்று, அசிடேட் பூசிய 10 அங்குலத் தட்டில் ஒரே ஒரு பிரதியாக வெட்டிக்கொள்வார்கள். அந்தப் பூச்சு மென்மையானது என்பதால், ஊசி ஓட ஓட உயர் அதிர்வெண்கள் முதலில் மங்கும். சில பத்து முறை ஒலித்தபின் தட்டு தேய்ந்துவிடும். புதுப்பாட்டு நான்கைந்து டிஜேக்களிடம் மட்டும் இருக்கும். அது கடையில் விற்பனைக்கு வர மாதக்கணக்கில் ஆகும், வராமலும் போகலாம். கேட்க விரும்பியவர் அந்த அறைக்குப் போய்த்தான் ஆக வேண்டும். இப்படிப் பொத்திவைப்பதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது என்பதை மறுக்க மாட்டேன். ஆனால் பாட்டுக்கும் ஒலிபெருக்கிக்கும் இருந்த உறவை அதுவே கட்டிக்காத்தது.

இனி முரட்டுத்தனத்துக்கு வருவோம். வாபிள் என்ற ஒலியை உங்கள் திரையில் காட்டுகிறேன். இது சின்தசைசரில் ஒரு லோ-பாஸ் ஃபில்டர். ஒலியின் மேல்பகுதியை வெட்டிவிடும் கதவு என்று வைத்துக்கொள்ளுங்கள். எல்எஃப்ஓ எனப்படும் மிக மெதுவான அலை, அந்தக் கதவைத் தாளத்துக்கு இசைவாகத் திறந்து மூடுகிறது. வேகத்தைக் குறைத்தால் பேஸ் மூச்சுவிடுவதுபோல் இருக்கும். கூட்டினால் பிதற்றத் தொடங்கும். ஃபில்டருக்கு முன்னால் டிஸ்டார்ஷன் சேர்த்தால், 50 ஹெர்ட்ஸில் இருந்த ஒரே சுரத்திலிருந்து 100, 150, 200 என்று மேல்நோக்கி ஹார்மோனிக்குகள் (அடிச்சுரத்தின் மடங்குகளான மேலொலிகள்) முளைக்கின்றன. இதைத் துணிச்சலாக முதலில் முன்னே கொண்டுவந்தவர்களில் ஒருவர் கோக்கி. டிஎம்இசட் நிறுவனர்களில் ஒருவரேதான்! 2007-இல் வந்த அவருடைய ‘ஸ்பாஞ்ச்பாப்’ பாட்டில் பேஸ் அடியில் கிடக்காமல், நடு அதிர்வெண்ணுக்கு ஏறி நின்று கத்துகிறது. வெளியாட்கள் கெடுத்தார்கள் என்று சொல்பவர்களிடம் நான் முதலில் ஒலிக்கவிடும் பாட்டு இதுதான்.

உள்ளிருந்தே தள்ளிய இன்னொரு விசை ரீவைண்ட் வழக்கம். பெரிய ஒலிபெருக்கிகளை அடுக்கி இசை ஒலிக்கவிடும் ஜமைக்காவின் சவுண்ட் சிஸ்டம் மரபிலிருந்து வந்த இந்தப் பழக்கத்தில், டிராப் (பேஸும் தாளமும் ஒன்றாக வந்து இறங்கும் இடம்) விழுந்ததும் கூட்டம் ஆர்ப்பரித்தால் டிஜே தட்டைப் பின்னுக்கு இழுத்து முதலிலிருந்து மறுபடி ஓட்டுவார். ஆரவாரத்தை எழுப்பிய பாட்டு மறுமுறை கேட்கும். மெல்லக் கனிந்து எழும் பாட்டுக்கு அந்த வாய்ப்பு அரிது. டிஜேக்கள் ஆரவாரம் எழுப்பும் தட்டுகளைத் தேடினார்கள். தயாரிப்பாளர்கள் அவற்றையே செய்யத் தொடங்கினார்கள். காஸ்பா, ரஸ்கோ என்ற இரு டிஜேக்களும் 2007 இறுதியில் வெளியிட்ட ‘ஃபேப்ரிக்லைவ் 37’ தொகுப்பு, அந்தக் குறும்புத்தனமான வாபிளை லண்டனுக்கு வெளியே பல்லாயிரம் பேரிடம் கொண்டுசேர்த்தது.

அதன் பிறகு நடந்தவற்றில் ஒலியியலுக்குப் பெரிய பங்கு உண்டு. மனிதக் காது 2,000 முதல் 5,000 ஹெர்ட்ஸ் வரையிலான பகுதியில்தான் மிகக் கூர்மையாகக் கேட்கும். அதே அளவு சத்தமாக உணரப்படுவதற்கு 50 ஹெர்ட்ஸ் ஒலிக்குப் பல மடங்கு ஆற்றல் வேண்டும். மடிக்கணினியின் சிறிய ஸ்பீக்கரோ அந்த 50 ஹெர்ட்ஸ் பகுதியை அறவே விட்டுவிடும். 2009-இல் தொடங்கிய யூகேஎஃப் டப்ஸ்டெப் போன்ற யூடியூப் சேனல்களின் வழியாக இந்த இசையை முதன்முதலில் கேட்ட ஒருவருக்கு, லோஃபாவின் பாட்டு என்பது ஒரு கிக், ஒரு ஸ்னேர், இடையில் மௌனம், அவ்வளவுதான். முழு அதிர்வெண் பரப்பிலும் ஹார்மோனிக்குகளை நிரப்பிய பாட்டு மட்டுமே அந்தச் சிறிய ஸ்பீக்கரில் உயிரோடு வந்து சேரும். டப்பிளேட் காத்துவந்த உறவு அறுந்ததும், எந்தக் கருவியிலும் தாக்குப்பிடிக்கும் ஒலியே பரவியது.

அதே காலத்தில் நேட்டிவ் இன்ஸ்ட்ருமென்ட்ஸின் மாசிவ் போன்ற மென்பொருள் சின்தசைசர்கள், ஒரே பேஸ் சுரத்தைப் பேசவும் கிறீச்சிடவும் வைக்கும் வேலையை எளிதாக்கின. கனடாவில் எக்ஸிஷன், டாட்ஸிக் ஆகியோர் கனத்த பாணியை மேலும் இறுக்கினார்கள். லாஸ் ஏஞ்சலிஸில் போஸ்ட்-ஹார்ட்கோர் என்ற ஆவேசமான ராக் வகை இசைக்குழு ஒன்றில் முன்பு பாடிய ஸ்கிரில்லெக்ஸ், 2010 அக்டோபரில் ‘ஸ்கேரி மான்ஸ்டர்ஸ் அண்ட் நைஸ் ஸ்பிரைட்ஸ்’ வெளியிட்டு, 2012 பிப்ரவரியில் மூன்று கிராமி விருதுகள் பெற்றார். அவர் பாட்டுகளில் இனிமையான மெட்டு, எதிர்பார்ப்பை ஏற்றும் பில்டப், டிராப் என்ற வரிசை தெளிவாகத் தெரியும். டிராப்பில் ஒவ்வொரு அரைச் சுற்றுக்கும் புதிய ஒலி ஒன்று வந்து பதில் சொல்லும். இந்தப் பாணியை ‘ப்ரோஸ்டெப்’ என்று கேலி செய்தவர்கள் அந்தக் கைத்திறனைக் கவனிக்கத் தவறினார்கள் என்பேன். அதே சமயம், ஒரு மணிநேரத் தொகுப்பு முழுவதும் உச்சங்களாலேயே அடுக்கப்பட்டால் எந்த உச்சமும் உயரமாகத் தெரியாது. அந்த ஆண்டுகளின் விழாமேடைப் பதிவுகளை இன்று முழுமையாகக் கேட்பது எனக்கு அயர்ச்சியாகவே இருக்கிறது.

முன்னோடிகள் பல திசைகளில் பிரிந்தார்கள். ஸ்கிரீம், பெங்கா, ஆர்ட்வொர்க் மூவரும் மேக்னெடிக் மேன் என்ற பெயரில் 2010-இல் பிரிட்டனின் முதல் பத்துப் பாடல்களுக்குள் நுழைந்தார்கள். பின்னர் ஸ்கிரீம் ஹவுஸ், டிஸ்கோ பக்கம் திரும்பினார். லோஃபா தம் ஸ்வாம்ப் 81 லேபிளில் வேறு தாளங்களைத் தேடினார். மாலா 2006-இல் தொடங்கிய டீப் மெடி மியூசிக் பழைய ஆழத்தை விடாமல் புதியவர்களின் தட்டுகளை வெளியிட்டு வந்தது.

எனக்கு மிகவும் சுவையாகப் படுவது அதன் பிறகு வந்த ரிடிம் என்ற கிளைவகை. கேட்டவுடன் மிக முரடாகத் தோன்றும். ஆனால் கட்டமைப்பைப் பாருங்கள். ஒரே உலோகத்தனமான பேஸ் ஒலி, மிகச் சிறு மாற்றங்களோடு, சுற்றுக்குச் சுற்று திரும்பத் திரும்ப வருகிறது. ஒலிகளுக்கு நடுவில் கத்தரித்தாற்போல் மௌனம் விழுகிறது. ஸ்கிரில்லெக்ஸ் பாணியில் ஒலிகள் குவிந்துகொண்டே போன இடத்தில், ரிடிம் செய்தவர்கள் குறைக்கத் தொடங்கினார்கள். ரிடிம் தயாரிப்பாளர்கள் பலர் கோக்கியின் பழைய பாட்டுகளைத் தங்கள் மூலமாகக் கருதுவதில் வியப்பில்லை.

இப்போது 2005-இல் வந்த ஸ்கிரீமின் ‘மிட்நைட் ரிக்வெஸ்ட் லைன்’, அடுத்து ‘ஸ்பாஞ்ச்பாப்’, அதற்கடுத்து உங்களுக்குப் பிடித்த ஏதேனும் ஒரு ரிடிம் பாட்டு ஆகிய மூன்றையும் இதே வரிசையில் ஹெட்ஃபோனில் கேளுங்கள். ஒவ்வொன்றிலும் ஸ்னேர் விழுந்தபின் அடுத்த கிக் வரும்வரை என்ன நடக்கிறது என்பதை மட்டும் கவனியுங்கள். அடுத்த காணொளியில் அந்த இடைவெளியை டிரம் அண்ட் பேஸ் என்ற வேகமான நடன இசையின் ஜம்ப்-அப் பாணியோடு ஒப்பிட்டுக் காட்டுகிறேன்.