ஜம்ப்பா, லீப்பா? நேயர் சந்தேகத்துக்கு விளக்கம்

அடுத்த கேள்வி. ‘ஜம்ப்’, ‘லீப்’ ரெண்டுக்குமே அகராதியில குதி, தாவுன்னுதான் போட்டிருக்கு, ஒண்ணுக்குப் பதிலா இன்னொண்ணைப் போடலாமான்னு கேட்டிருக்காங்க.

சில இடத்துல போடலாம், பல இடத்துல கூடாது. ஜம்ப் பொதுச்சொல். காலை உந்தித் தரையை விட்டு எழும்பினாலே ஜம்ப்தான், நின்ன இடத்துலயே குதிச்சாலும் சரி. லீப்னா அதுல வேகமும் வீச்சும் வேணும். ஒரு இடத்துலேர்ந்து இன்னொரு இடத்துக்குப் பாயணும், இல்லேன்னா நல்லா உயரமா எழும்பணும். மான் ஓடையைத் தாண்டுறது, புலி இரைமேல பாயுறது, சால்மன் மீன் அருவியை எதிர்த்துத் துள்ளுறது எல்லாம் லீப். குழந்தை மெத்தையில குதிச்சு விளையாடுதுன்னா ‘ஜம்ப்பிங் ஆன் த பெட்’. அங்க லீப் பொருந்தாது.

சத்தம் கேட்டுத் தூக்கிவாரிப் போட்டுச்சுன்னா ‘ஐ ஜம்ப்ட்’னு சொல்லுங்க. இதுல லீப் போட்டா, பயத்துல எங்கேயோ பாய்ஞ்சுட்டீங்கன்னு ஆயிடும்.

உடனே ஒரு சந்தேகம் வரும். 1991-ல டோக்கியோவுல நீளம் தாண்டுதல் வீரர் மைக் பவல் 8.95 மீட்டர் தாண்டினாரே, அது லீப் இல்லையா? செயலை வர்ணிக்கும்போது ‘வாட் எ லீப்!’னு தாராளமா சொல்லலாம். ஆனா போட்டியோட பேரு லாங் ஜம்ப். ஹை ஜம்ப், டிரிபிள் ஜம்ப்பும் அப்படித்தான், பேரை மாத்த முடியாது. வரிசையில இடையில புகுந்தா ‘ஜம்ப் த க்யூ’. சிக்னலை மதிக்காம போனாலும் ஜம்ப்தான்.

‘லீப் இயர்’ல மட்டும் எதுக்கு லீப்? 2022 மார்ச் 10 வியாழன், 2023-ல அதே தேதி வெள்ளி. 2024-ல சனி வரணும் இல்லையா? நடுவுல பிப்ரவரி 29 வந்ததால சனியைத் தாண்டி ஞாயிறுல போய் நிக்குது. அந்தத் தாண்டலாலதான் இந்தப் பேருன்னு சொல்றாங்க.

விலை, லாபம் ஏறுறதுக்கு ரெண்டும் சரி. லீப் போட்டா ஏற்றம் பெருசுன்னு தொனிக்கும்.

கடைசியா உச்சரிப்பு. இங்கதான் நிறைய பேர் தடுமாறுறாங்க. ‘லீப்’பை நீட்டிச் சொல்லணும், குறுக்கினா ‘லிப்’, உதடுன்னு ஆயிடும். இறந்தகாலத்துக்கு ‘லெப்ட்’, ‘லீப்ட்’ ரெண்டு வடிவம் இருக்கு. பிரிட்டிஷ் ஆங்கிலத்துல ‘லெப்ட்’தான் அதிகம். அதுல ‘ப்’ தெளிவா விழலேன்னா ‘லெஃப்ட்’னு கேட்கும். ‘ஷி லெப்ட்’னா பாய்ஞ்சா, ‘ஷி லெஃப்ட்’னா கிளம்பிப் போயிட்டா! பேசும்போது அந்தக் குழப்பம் வரும்னு தோணினா ‘லீப்ட்’னே சொல்லிடுங்க, அதுவும் இலக்கணப்படி சரிதான்.