குறைந்த கிலோமீட்டர், தேய்ந்த எஞ்சின்

நேயர்களுக்கு வணக்கம். பழைய கார் வாங்கப் போகிறவர்கள் முதலில் கேட்கும் கேள்வி, "எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது?" என்பதுதான். விற்பவரும் பதிலை ஆயத்தமாக வைத்திருப்பார். "சிங்கிள் ஓனர் சார், டாக்டர் வைத்திருந்த வண்டி, வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்தான் போய்வந்தது, முப்பதாயிரம்கூட ஓடவில்லை" என்பார். அதைக் கேட்டதும் வாங்க வந்தவரின் முகம் மலர்ந்துவிடும். ஆட்டோமொபைல் பாடம் நடத்துவதைத் தொழிலாகக் கொண்ட எனக்கோ, "வீட்டுக்கும் கிளினிக்குக்கும் மட்டும்" என்ற அந்தச் சொற்கள்தான் உறுத்தும். கிளினிக் எவ்வளவு தூரம் என்று கேட்கத் தோன்றும். இரண்டு கிலோமீட்டர் என்று பதில் வந்தால், அந்த வண்டியின் எஞ்சினை டாப் கவரைக் கழற்றிப் பார்க்காமல் நம்ப மாட்டேன்.

காரணத்தைச் சொல்கிறேன். இரவு முழுவதும் நின்ற காரில், எஞ்சின் ஆயிலில் பெரும்பகுதி அடியில் உள்ள சம்ப்புக்கு இறங்கிவிடுகிறது. மேலே, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டிலும் சிலிண்டர் சுவரிலும் மெல்லிய பூச்சு மட்டுமே எஞ்சியிருக்கும். காலையில் நாம் வண்டியைக் கிளப்பியதும், ஆயில் பம்ப் கீழிருந்து ஆயிலை உறிஞ்சி, வடிகட்டி வழியாகத் தள்ளி, உச்சியில் உள்ள கேம் வரை கொண்டுசேர்க்கச் சில விநாடிகள் பிடிக்கும். ஓடும் எஞ்சினில், பிஸ்டன்களின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் கிராங்க் ஷாஃப்ட், தன்னைத் தாங்கும் பேரிங்கைத் தொடுவதே இல்லை. சில மைக்ரான் கனமே உள்ள ஆயில் படலத்தின் மேல் அது மிதந்தபடி சுழல்கிறது. அந்தப் படலம் உருவாகும் வரைதான் உலோகமும் உலோகமும் உரசிக்கொள்கின்றன. நல்ல ஆயிலில் இப்படிப்பட்ட உரசலைத் தாங்குவதற்காகவே துத்தநாகமும் பாஸ்பரசும் சேர்ந்த ஒரு பொருளைக் கலக்கிறார்கள். ஆனால் அது உலோகத்தின் மேல் காப்புப் படலமாகப் படிவதற்கும் சூடு வேண்டும். சூடு ஏறாத எஞ்சினில் அந்தக் காவலாளும் பாதித் தூக்கத்தில்தான் இருக்கிறார்.

இத்துடன் பிஸ்டனையும் கணக்கில் எடுத்துக்கொள்ள வேண்டும். பிஸ்டன் அலுமினியக் கலவையால் ஆனது. சூட்டில் அலுமினியம், பெரும்பாலும் சிலிண்டர் சுவருக்குப் பயன்படும் வார்ப்பிரும்பைவிட ஏறத்தாழ இரு மடங்கு விரியும். ஆகவே நல்ல சூட்டில் சரியாகப் பொருந்தும்படியே பிஸ்டனின் அளவை அமைக்கிறார்கள். ஆறிய நிலையில் அது சற்றுத் தளர்வாக நின்று, சுவரில் தட்டிக்கொண்டுதான் ஏறி இறங்கும். மேலும், ஆறிய எஞ்சினில் பெட்ரோல் சரியாக ஆவியாகாது என்பதால், கட்டுப்பாட்டுக் கருவி வழக்கத்தைவிட அதிகப் பெட்ரோலைப் பீய்ச்சுகிறது. ஆவியாகாமல் தங்கும் பெட்ரோல் சிலிண்டர் சுவரில் வழிந்து, அங்கிருந்த கொஞ்ச ஆயிலையும் கழுவிக்கொண்டு, பிஸ்டனைச் சுற்றியுள்ள ரிங்குகளின் இடுக்கு வழியே சம்ப்பில் போய்க் கலக்கிறது. ஆக, மசகு மிகவும் தேவைப்படும் நேரத்தில் அது மெலிந்துபோகிறது.

இதுவரை சொன்னது உரசல். இனி நீர். ஒரு லிட்டர் பெட்ரோல் எரியும்போது ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர் உண்டாகிறது என்று வகுப்பில் சொன்னால், மாணவர்கள் நம்பாமல் சிரிப்பார்கள். பெட்ரோலில் உள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்ந்தால் வேறு என்னவாகும்? காலையில் கிளப்பிய காரின் சைலன்சர் குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாக விழுவது அந்த நீர்தான். எஞ்சின் சூடாக இருந்தால் அது ஆவியாக வெளியேறிவிடும். இல்லையென்றால், இட்லிச் சட்டியின் மூடியில் நீர் முத்துமுத்தாகக் கோத்து நிற்பதைப் போல, உள்ளேயே படிந்துவிடும். ரிங்குகளைத் தாண்டிக் கீழே கசியும் எரிந்த வாயுவில் இந்த நீராவியோடு அமிலமாக மாறக்கூடிய பொருள்களும் சேர்ந்தே வருகின்றன. அவை ஆயிலில் கலந்து, நாளடைவில் அதைக் களிம்பாக்கிவிடுகின்றன. ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால், அதன் அடிப்பக்கத்தில் வெளிர்மஞ்சளாகக் கொழகொழவென்று ஒரு படிவு தெரிகிறதா என்று பாருங்கள். தெரிந்தால், பெரும்பாலும் அந்த வண்டி குறுந்தூரத்துக்கே ஓடுகிறது என்று பொருள். ரேடியேட்டர் நீரும் குறைந்துவந்தால் மட்டும், எஞ்சின் பாகங்களுக்கு இடையே கசிவைத் தடுக்கும் கேஸ்கெட்டைச் சந்தேகப்பட வேண்டும்.

"இதெல்லாம் பனி பெய்யும் நாட்டுக்காரர்களின் கவலை, நம் ஊர் வெயிலில் எஞ்சினுக்குக் குளிர் ஏது?" என்று நீங்கள் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. மைனஸ் இருபது டிகிரியில் ஆயில் இறுகிக் கிடக்கும் ஊர்களோடு ஒப்பிட்டால் நாம் கொடுத்து வைத்தவர்கள். நம் ஆயில் விரைவாக மேலே ஏறிவிடுகிறது. ஆனால் எஞ்சினுக்கு இதமான சூடு என்பது ரேடியேட்டர் நீர் எண்பது, தொண்ணூறு டிகிரியில் நிற்பது. பெட்ரோல் புகையில் உள்ள நீராவியோ ஏறத்தாழ ஐம்பது டிகிரிக்குக் கீழே நீராகிவிடும். திருச்சியில் சித்திரை மாதத்துக் காலையில் முப்பது டிகிரி இருக்கிறது என்றால், நமக்கு வியர்க்கிறது. எஞ்சினுக்கு அது குளிர்தான். இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். டாஷ்போர்டில் நீல விளக்கு அணைந்ததும் எஞ்சின் சூடேறிவிட்டது என்று நினைக்கிறோம். அந்த விளக்கு நீரின் சூட்டைக் காட்டுகிறதே தவிர ஆயிலின் சூட்டைக் காட்டவில்லை. நீர் சூடேறி வெகு நேரம் கழித்தே ஆயில் சூடேறும். இரண்டு கிலோமீட்டரில் இருக்கும் கடைத்தெருவுக்குப் போய்ச்சேர்வதற்குள் ஆயில் சூடேறவே ஏறாது.

இந்த இடத்தில் நான் எப்போதும் சொல்லும் கதை ஒன்று உண்டு. என் மாணவர்களுக்கு மனப்பாடமே ஆகிவிட்டது. திருச்சியில் எனக்குத் தெரிந்த மெக்கானிக்கின் பட்டறைக்கு ஒரே மாதிரி கார்கள் இரண்டு ஒரே வாரத்தில் வந்தன. ஒன்று ஓய்வுபெற்ற தலைமையாசிரியருடையது. எட்டு ஆண்டுகளில் 22,000 கி.மீ. ஓடியிருந்தது. பேத்தியைப் பள்ளியில் விடுவது, கோயில், காய்கறி வாங்குவது என்று ஒரு தடவைக்கு இரண்டு கிலோமீட்டரைத் தாண்டாத ஓட்டம். மற்றது டி-போர்டு வண்டி, அதாவது வாடகைக் கார். திருச்சிக்கும் சென்னை விமான நிலையத்துக்குமாக நாற்கரச் சாலையிலேயே ஓடி, மூன்று லட்சம் கிலோமீட்டரைத் தாண்டியிருந்தது. இருக்கைத் துணி கிழிந்து, பம்பர் கீறல் விழுந்து, பார்ப்பதற்கே பாவமாக இருந்த வண்டி அது. தலைமையாசிரியரின் காரில் இருக்கையின் பிளாஸ்டிக் உறையைக்கூடப் பிரிக்கவில்லை.

தலைமையாசிரியரின் குறை, சிக்னலில் நிற்கும்போது சிவப்பு ஆயில் விளக்கு மினுக்குகிறது என்பது. டாப் கவரைத் திறந்தபோது உள்ளே எங்கும் கறுப்புக் களிம்பு அப்பியிருந்தது. விரலால் வழித்து எடுக்கலாம் போல இருந்தது. கேம் ஷாஃப்டின் முகடுகளில் நகத்தில் தட்டுப்படும் அளவுக்குக் கோடுகள் விழுந்திருந்தன. சம்ப்பைக் கழற்றினால், ஆயில் உறிஞ்சும் குழாயின் சல்லடை பாதிக்கு மேல் அடைத்திருந்தது. பம்ப் பழுதாகவில்லை, அதற்கு உறிஞ்ச வழியில்லை. டி-போர்டு வண்டி வேறொரு வேலைக்காக, சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் மாற்றுவதற்காக வந்திருந்தது. அதன் சிலிண்டருக்குள் விளக்கடித்துப் பார்த்தபோது, தொழிற்சாலையில் குறுக்கும் நெடுக்குமாக இழைத்த மெல்லிய கோடுகள் ரிங் ஓடும் பகுதியில் பெரும்பாலும் அழியாமல் அப்படியே தெரிந்தன. மேல் விளிம்பில் மட்டும் கொஞ்சம் தேய்மானம். தலைமையாசிரியர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "தம்பி, குழந்தை மாதிரி வைத்திருந்தேனே!" என்றார். மெக்கானிக் தயங்கிக்கொண்டே, "அதனால்தான் சார்" என்றார்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். இரண்டு இரண்டு கிலோமீட்டராக 22,000 கி.மீ. ஓட்டியிருந்தால், அந்தக் காரை ஏறத்தாழ 11,000 முறை கிளப்பியிருக்க வேண்டும். திரும்பி வரும்போது எஞ்சின் வெதுவெதுப்பாக இருந்திருக்கும் என்று பாதியைத் தள்ளினாலும், ஆறிய எஞ்சினைக் கிளப்பியது ஐயாயிரம் முறைக்கு மேல். சென்னைக்கு 330 கி.மீ. ஓடும் வண்டியில், ஒரு பயணத்துக்கு ஒரு முறைதான் எஞ்சினை ஆறிய நிலையில் கிளப்புகிறார்கள். உளுந்தூர்ப்பேட்டையில் தேநீருக்கு நிறுத்தினாலும் எஞ்சின் ஆறுவதில்லை. மூன்று லட்சத்துக்கும் ஆயிரம் முறைக்குள் அடங்கிவிடும். இதற்கு மேல் தலைமையாசிரியரின் வண்டிக்கு இன்னொரு கேடும் சேர்ந்துகொண்டது. கையேட்டில் "10,000 கி.மீ. அல்லது ஓர் ஆண்டு, எது முந்துகிறதோ" அப்போது ஆயிலை மாற்ற வேண்டும் என்று போட்டிருக்கிறது. அவர் முன்பாதியை மட்டும் படித்தார். பத்தாயிரம் கிலோமீட்டர் ஆக அவருக்கு மூன்றரை ஆண்டுக்கு மேல் ஆயிற்று. நீரும் பெட்ரோலும் அமிலமும் கலந்த அதே ஆயில் அத்தனை காலமும் உள்ளேயே கிடந்தது. பல கையேடுகளில் பின்பக்கம் பொடி எழுத்தில், குறுந்தூர ஓட்டத்தைக் "கடுமையான பயன்பாடு" என்ற தலைப்பின் கீழே புழுதிச் சாலையோடும் பாரம் இழுப்பதோடும் சேர்த்தே வைத்திருக்கிறார்கள். அப்படி ஓடும் வண்டிக்கு ஆயிலை இன்னும் சீக்கிரம் மாற்றச் சொல்கிறார்கள். அந்தப் பக்கத்தை யாரும் புரட்டுவதில்லை.

என்னுடைய நெடுநாள் குறை ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன், பொறுத்தருள வேண்டும். டிராக்டரில் மணிக்கணக்கு மீட்டர் இருக்கிறது. வாடகை ஜெனரேட்டரில் இருக்கிறது. உழவர் யாரும் தன் டிராக்டர் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று கேட்பதில்லை. இத்தனை மணிநேரம் ஆயிற்று, ஆயில் மாற்ற வேண்டும் என்றுதான் சொல்கிறார். காரில் மட்டும் எஞ்சினின் உழைப்பைச் சக்கரத்தை வைத்து அளக்கிறோம். சிக்னலில் நிற்கும் கார் கிலோமீட்டரைக் கூட்டுவதில்லை. எஞ்சினோ சுழன்றுகொண்டே இருக்கிறது. சராசரியாக மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் நகருக்குள் ஊர்ந்தால் பத்தாயிரம் கிலோமீட்டருக்கு 500 மணிநேரம்; நெடுஞ்சாலையில் 80 என்றால் 125 மணிநேரம்தான். சுழற்சியாகப் பார்த்தாலும் கதை அதுவே. ஐந்தாவது கியரில் 80 கி.மீ. வேகத்தில் நிமிடத்துக்கு 2,200 சுற்று என்று வைத்துக்கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு 1,650 சுற்று வருகிறது. நகரில் 20 கி.மீ. வேகத்தில் சராசரி 1,500 சுற்று என்றால், அதே ஒரு கிலோமீட்டருக்கு 4,500 சுற்று. மூன்று லட்சம் ஓடிய அந்த டி-போர்டு வண்டி மொத்த மணிநேரத்தில் மற்றதைவிடப் பல மடங்கு உழைத்திருக்கிறது என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்த மணிநேரங்களில் பெரும்பாலானவை நல்ல சூட்டில் கழிந்தவை. தலைமையாசிரியரின் வண்டிக்கு அப்படிப்பட்ட ஒரு மணிநேரம்கூட வாய்த்ததா என்பது ஐயம்தான்.

அதற்காக நெடுஞ்சாலையில் எஞ்சின் தேயவே தேயாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடியாகக் கூடுகிறது. 80-இல் இருந்ததைப்போல 120-இல் இரண்டேகால் மடங்கு. அதை வெல்லும் பாரம் முழுவதும் பிஸ்டன் மீதும் பேரிங் மீதும்தான் விழும். எஞ்சினுக்கு உகந்தது சீரான மிதவேகம். பரனூர் சுங்கச்சாவடியில் இழந்த நேரத்தைத் திண்டிவனத்துக்குள் பிடித்துவிடும் வேகம் அன்று. நெடுந்தூரம் கிளம்பும் முன் டிப்ஸ்டிக்கை எடுத்து ஆயில் அளவைப் பார்ப்பதும் குறைந்துவருகிறது.

ஆயில் விளம்பரங்களில் தேய்மானத்தில் முக்கால் பங்கு கிளப்பும் நேரத்திலும் சூடேறும் நேரத்திலுமே நடக்கிறது என்று ஒரு கணக்கு வரும். எல்லா வண்டிக்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும் ஒரே எண்ணாக அதை நான் ஏற்பதில்லை. எந்தத் திசையில் பார்க்க வேண்டும் என்பதை மட்டும் அது சரியாகவே காட்டுகிறது.

செய்ய வேண்டியது அதிகமில்லை. ஆயிலை நாள்காட்டியைப் பார்த்து மாற்றுங்கள். காலையில் வாசலில் பத்து நிமிடம் உறுமவிட்டுச் சூடேற்றும் வழக்கத்தை விடுங்கள். சும்மா ஓடும் எஞ்சின் மெதுவாகத்தான் சூடேறும், தேவையற்ற பெட்ரோலும் ஆயிலில் இறங்கும். கிளப்பிச் சில விநாடிகள் பொறுத்து, முதல் சில கிலோமீட்டரை ஆக்சிலரேட்டரை அழுத்தாமல் ஓட்டினால் போதும். மூன்று வேலைகளை மூன்று முறையாகப் போகாமல் ஒரே சுற்றில் முடித்துவிடலாம். வாரம் ஒரு முறை புறவழிச்சாலையில் அரைமணி நேரம் நிற்காமல் ஓட்டினால், சேர்ந்த நீரில் பெரும்பகுதி ஆவியாகிப் போய்விடும். கெட்டியான ஆயில் நல்லது என்று யார் சொன்னாலும், கையேட்டில் உள்ள தரத்தை மாற்றாதீர்கள்.

டீசல் வண்டியைப் பற்றித் தனியாகப் பேச எண்ணியிருந்தேன், நிலையத்தார் கைகாட்டுகிறார்கள். சுருக்கமாக ஒன்றே ஒன்று. 2020 ஏப்ரலுக்குப் பின் வந்த பி.எஸ். 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி அமைந்த டீசல் கார்களில், புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி ஒன்று உண்டு. அந்தக் கரியை எரித்துத் தீர்க்க ஏறத்தாழ அறுநூறு டிகிரிச் சூடு வேண்டும். சந்துக்குள்ளேயே ஓடும் வண்டியில் அந்தச் சூடு ஏறாது. எரிப்பு பாதியில் நின்றுபோகும், அதற்காகக் கூடுதலாகப் பீய்ச்சிய டீசல் ஆயிலில் இறங்கும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு தானாகக் கூடியிருந்தால் மகிழ வேண்டாம். உடனே மெக்கானிக்கிடம் காட்டுங்கள். பேட்டரிக்கும் டர்போவுக்கும் இன்று நேரமில்லை. வணக்கம்.