வெளிறிய தூளுக்குள் இரும்பு

வணக்கம் நேயர்களே. இரும்பு என்றாலே கறுப்பு, இல்லையென்றால் துருவின் செம்பழுப்பு, இதுதான் நமக்குப் பழக்கம். இன்று நான் பேசவந்திருக்கும் ஃபெரிக் பாஸ்பேட் அப்படியில்லை. லேசாக மஞ்சள் ஓடிய வெண்ணிறத் தூள் அது. ஓர் இரும்பு அணு, ஒரு பாஸ்பேட் தொகுதி, கூடவே இரண்டு நீர் மூலக்கூறுகள். எடையில் சுமார் 30 சதவீதம் இரும்புதான்!

அப்புறம் ஏன் இவ்வளவு வெளிறல்? இதில் இரும்பின் நிறத்தைத் தீர்மானிக்கும் வெளிப்புற எலெக்ட்ரான்களான ஐந்து டி-எலெக்ட்ரான்களும் ஒரே போக்கில் சுழல்கின்றன. அதனால் கண்ணுக்குத் தெரியும் ஒளியை இது மிகக் குறைவாகவே உறிஞ்சுகிறது. தண்ணீரில் கரையாது என்றே சொல்லலாம். ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கரையும். இயற்கையில் ஸ்ட்ரெங்கைட் என்ற கனிமமாகவும் கிடைக்கிறது.

சரி, தயாரிப்புக்கு வருவோம். ஆய்வகத்தில், கையுறையும் கண்ணாடியும் அணிந்து செய்யவேண்டிய வேலை இது. 27.8 கிராம் ஃபெரஸ் சல்பேட் படிகத்தைத் தண்ணீரில் கரைத்து, 85 சதவீத பாஸ்பாரிக் அமிலம் 11.5 கிராம் சேர்க்கிறோம். இரும்பு அணுக்களும் பாஸ்பரஸ் அணுக்களும் எண்ணிக்கையில் இப்போது சரிக்குச் சரி. அடுத்து ஹைட்ரஜன் பெராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விடவேண்டும். அவசரப்பட்டு ஊற்றினால் கரைசல் சூடேறிப் பொங்கிவிடும். பெராக்சைடு, இரண்டு எலெக்ட்ரான் இழந்த ஃபெரஸ் இரும்பை மூன்று இழந்த ஃபெரிக் இரும்பாக மாற்ற, கரையாத தூள், அதாவது வீழ்படிவு, தோன்றத் தொடங்குகிறது.

இந்தத் தயாரிப்பின் உயிர்நாடி இதற்குப் பிறகுதான் வருகிறது என்பேன். வினை நடக்க நடக்க அமிலம் கூடிக்கொண்டே போகும். அதை நீர்த்த அம்மோனியாவால் தணித்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவை 2-ஐ ஒட்டி நிறுத்தவேண்டும். அமிலம் மிஞ்சினால் பாஸ்பேட்டில் ஒரு பகுதி கரைசலிலேயே தங்கிவிடும். அம்மோனியா மிஞ்சினாலோ இரும்பு ஹைட்ராக்சைடும் சேர்ந்து படிந்து, தூள் பழுப்பாகிவிடும். நிறத்தைப் பார்த்தே தவறு தெரிந்துவிடும், ஆனால் அதற்குள் காலம் கடந்திருக்கும்.

வீழ்படிவைக் கரைசலோடு சில மணி நேரம் 90 டிகிரியை ஒட்டிச் சூட்டில் வைத்தால் படிகமாகி வெளுக்கும். பிறகு வடிகட்டி, கழுவிய நீரில் பேரியம் குளோரைடு விட்டுப் பாருங்கள். கலங்கினால் சல்பேட் இன்னும் போகவில்லை, மறுபடி கழுவவேண்டும். காய்ந்தபின் அதிகபட்சம் 18.7 கிராம் கிடைக்கும். இன்னும் சூடாக்கி நீர் முழுவதையும் போக்கினால் எடையில் 19.3 சதவீதம் குறையும். சுத்தமாக வந்ததா என்று பார்க்க இதுவும் நல்ல சோதனை.

இத்தனை கவனம் எதற்கு? நீர் நீங்கிய இந்தத் தூளோடு லித்தியம் கார்பனேட்டும் குளுக்கோஸ் போன்ற கார்பன் மூலமும் கலந்து, நைட்ரஜன் சூழலில் சுட்டால் லித்தியம் இரும்பு பாஸ்பேட் உருவாகிறது. இதை மின்கலத்தின் நேர்மின்வாயாகப் பயன்படுத்தலாம் என்று அமெரிக்க விஞ்ஞானி ஜான் குடினஃப் குழுவினர் 1997-இல் வெளியிட்டார்கள். மின்னேற்றும்போது லித்தியம் வெளியேற, அந்த நேர்மின்வாயில் மிஞ்சுவது மறுபடியும் இரும்பு பாஸ்பேட்தான். அதன் ஆக்சிஜன் பாஸ்பரசோடு இறுகப் பிணைந்திருப்பதால் சூட்டிலும் எளிதில் பிரியாது. அந்த மின்கலங்கள் ஓரளவு பாதுகாப்பானவை என்று சொல்வது இதனால்தான். தொடக்கத்தில் இரும்பு மிகுந்துவிட்டாலோ, வேறு இரும்புச் சேர்மங்கள் கலந்து மின்கலத்தின் கொள்ளளவையே குறைத்துவிடும். நன்றி நேயர்களே, வணக்கம்.