ஸ்கோர் ஷீட்டில் இடமில்லாத வேலை

நண்பர்களே, கூடைப்பந்து பார்க்கும்போது நம் கண் பந்தின் பின்னாலேயே ஓடும். இன்று நான் பேச வந்திருப்பது, பந்து கையில் இல்லாதபோது செய்த வேலையால் பிழைத்த ஒருவரைப் பற்றி: புரூஸ் போவன்.

1993இல் கல்லூரி முடித்தவரை, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்.பி.ஏ.வில் எந்த அணியும், புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் சீண்டவில்லை. பிரான்ஸுக்குப் போய் ஆடினார். 1997இல் மயாமி ஹீட் என்ற என்.பி.ஏ. அணி கூப்பிட்டது. அந்த சீசனில் அவருடைய மொத்தக் கணக்கு: ஒரு நிமிடம், எதிராளியின் ஷாட்டைத் தட்டிவிட்ட ஒரு பிளாக், புள்ளி பூஜ்யம். ஜாதகத்தை அப்போதே எழுதிவிட்டார்கள்! அப்புறம் பாஸ்டன், பிலடெல்பியா, மறுபடி மயாமி. 2001இல் சான் அன்டோனியோ ஸ்பர்ஸ். அங்கே 2003, 2005, 2007 என மூன்று கோப்பைகள். 2001 முதல் 2008 வரை ஆண்டு தவறாமல், சிறந்த தடுப்பாட்டக்காரர்களைப் பொறுக்கி லீக் அறிவிக்கும் முதல், இரண்டாம் தடுப்பாட்ட அணிகளில் ஒன்றில் இடம்.

இத்தனைக்கும் ஆட்டத்துக்கு ஒரு ஸ்டீல்கூட, அதாவது எதிராளியிடமிருந்து ஒரு பந்துப் பறிப்புகூட, அவர் சராசரியில் தேறாது. பந்தைத் தட்டிப் பறிக்கப் பாய்வது சூதாட்டம்; தவறினால் எதிராளி தாண்டிப் போய்விடுவார். போவன் பாய மாட்டார். பந்து வருவதற்கு முன்பே குறுக்கே நின்று, எதிராளி தனக்குப் பிடித்த இடத்திலிருந்து இரண்டடி தள்ளிப் போய்ப் பந்தை வாங்கும்படி செய்வார். வாங்கியதும் நெஞ்சுக்கு நேராக நிற்பார். ஸ்பர்ஸின் உயரமான நட்சத்திரம் டிம் டங்கன் காத்திருக்கும் பக்கமாகவே ஓட்டிக்கொண்டு போவார். ஷாட் எழும்போது முகத்துக்கு முன்னால் ஒரு கை. பந்து வளையத்தில் பட்டுத் தெறித்தால், தவறிய ஷாட் எதிராளி கணக்கில், தெறித்த பந்தைப் பிடித்த ரீபவுண்ட் டங்கன் கணக்கில். போவன் கணக்கில் ஒன்றுமில்லை. 2007 இறுதித் தொடரில் எதிரணி நட்சத்திரம் லெப்ரான் ஜேம்ஸ் எடுத்த ஷாட்களில் 35.6 சதவீதம்தான் உள்ளே போனது. அதில் போவனின் பங்கு எவ்வளவு, டங்கனின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எந்தப் பட்டியலாலும் முடியாது.

தடுக்க மட்டும் தெரிந்தால் பயிற்சியாளர் பெஞ்சில் உட்கார வைத்துவிடுவார். அதற்காகவே மூலையில் நின்று மூன்று புள்ளி ஷாட் பழகினார். 2002-03 சீசனில் 44.1 சதவீதத்தோடு லீக்கிலேயே முதலிடம். அதே சீசனில், ஃபவுலுக்கு ஈடாகக் கிடைக்கும், யாருமே மறிக்காத ஃப்ரீ த்ரோவில் 40.4 சதவீதம்! எதிரே ஆள் இருந்தால்தான் கை ஓடும் போலிருக்கிறது.

2004-05இல், கையை வைத்து எதிராளியை நிறுத்துவதற்குக் கெடுபிடி வந்தது. கையை நம்பியவர்கள் திண்டாடினார்கள். போவன் காலை நம்பியவர்; அதன்பிறகும் நான்கு சீசன்கள் முதல் தடுப்பாட்ட அணியிலேயே இருந்தார்.

அந்தக் காலைப் பற்றித்தான் புகாரும். ஷாட் எடுத்து இறங்குபவரின் பாதத்துக்கு அடியில் தன் காலை விடுகிறார் என்றார்கள். கணுக்கால் போனால் சீசனே போய்விடும். இதற்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். 2008இல் எதிரணி வீரர் கிறிஸ் பாலை உதைத்ததற்காக ஓர் ஆட்டத் தடை விழுந்தது. இடைவிடாமல் 500 ஆட்டங்கள் ஆடிய தொடர் அதோடு அறுந்தது. 2017இல் லீக், இறங்க இடம் விடாதவர்களுக்குக் கடும் ஃபவுல் கொடுக்க நடுவர்களுக்கு வழி செய்தது. இந்தக் கெடுபிடி அன்றே இருந்திருந்தால் போவன் தாக்குப்பிடித்திருக்க மாட்டார் என்பவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. நாலு ஃபவுல் வாங்கியதும் காலை எங்கே வைப்பது என்று புதிதாகக் கற்றுக்கொண்டிருப்பார்.