ஐந்து துண்டு சேனை, மூன்றுக்குத்தான் கண்

வாங்க மக்களே. இன்றைக்குக் கேமராவைத் துவைக்கல் மேல் சாய்த்து வைத்திருக்கிறேன், அதனால் பாதி நேரம் என் தலை தெரியாது, கையும் மம்பட்டியும்தான் தெரியும். பரவாயில்லை, என் தலையைப் பார்க்கவா வருகிறீர்கள். முதலில் கோபத்தைக் கொட்டிவிடுகிறேன், அப்புறம் வேலை.

முந்தாநாள் சேனைக்கிழங்கு வித்து வாங்கப் போனேன். எந்தக் கடை என்று கேட்காதீர்கள், சொல்ல மாட்டேன். போன வருஷம் நட்ட சேனை எங்கே போச்சு என்பீர்கள். தைப்பொங்கலுக்கு எல்லாச் செடியையும் பிடுங்கி அவித்துத் தின்றதை நீங்களும்தான் பார்த்தீர்கள். வித்துக்கு ஒன்று ஒதுக்கி வை என்று மாமி சொன்னார்கள், சிரித்துக்கொண்டே தலையாட்டிவிட்டு அதையும் வெட்டினவள் நான்தான், அந்த வீடியோ இன்னும் கிடக்கிறது.

சரி, விலை. கிலோ 80 ரூபாய். ஐந்து துண்டு, தராசில் 5 கிலோ 200 கிராம், ஆக 416 ரூபாய். 500 ரூபாய்த் தாள் கொடுத்தேன், 80 ரூபாய் திரும்பி வந்தது. மீதி 4 ரூபாய் எங்கே என்றால், சில்லறை இல்லை அக்கா என்று ஒரு மிட்டாயை நீட்டுகிறார். செல்லில் அனுப்பியிருக்கலாம், ஆனால் செல் செத்துக் கிடந்தது. ஏன் செத்தது? உங்களுக்காகத்தான். பஸ்ஸில் போகும்போது கும்பப்பூ நெல் அறுப்பு நடக்கிற வயலைக் காட்டலாம் என்று வழி நெடுக எடுத்துக்கொண்டே போனேன், வீட்டுக்கு வந்து பார்த்தால் முக்கால்வாசி பக்கத்து சீட்காரருடைய முழங்கை. அந்த மிட்டாய் இஞ்சி மிட்டாய் வேறு. எனக்கு இஞ்சி மிட்டாய் ஆகவே ஆகாது.

ஆனால் 4 ரூபாய் இல்லை விஷயம். வீட்டுக்கு வந்து சாக்கைக் கொட்டிப் பார்த்தால், ஐந்தில் மூன்றுக்குத்தான் கண் இருக்கிறது. இதைக் கிட்டே காட்டுகிறேன், பாருங்கள். சேனையின் உச்சியில் நடுவில் குழிந்த மாதிரி ஒரு இடம், அதற்குள் இளஞ்சிவப்பாக ஒரு முளை, பன்றிக்குட்டியின் மூக்கு மாதிரி. இதுதான் கண். ஒரு முழுச் சேனைக்கு உச்சியில் பெரிதாக இருப்பது இது ஒன்றுதான். அதனால் வித்துக்கு வெட்டும்போது மேலிருந்து கீழாகத்தான் கீற வேண்டும், ஒவ்வொரு துண்டுக்கும் அந்தக் கண்ணில் ஒரு பங்கு வர வேண்டும். அந்தப் புண்ணியவான் பெரிய சேனையைத் தோசை மாதிரிக் குறுக்கே அறுத்து, அடிப்பாகத்தையும் வித்து என்று தலையில் கட்டிவிட்டார். அந்த இரண்டு துண்டும் மொட்டை. சுற்றிலும் தோல், நடுவில் வெறும் சதை. அதை நம்பி யார் குழி வெட்டுவார்கள்?

நமக்குப் பக்கத்தில் திருவனந்தபுரம் ஸ்ரீகாரியத்தில் 1963-ல் தொடங்கின மத்திய கிழங்குப் பயிர் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது இல்லையா, அவர்கள் 100 கிராம் துண்டை நட்டே வித்துச் சேனை உண்டாக்கும் முறையைச் சொல்கிறார்கள். அந்தக் குட்டித் துண்டிலும் கண்ணின் பங்கு இருந்தாக வேண்டும். 100 கிராமுக்கே அது சட்டம் என்றால் என்னுடைய ஒரு கிலோத் துண்டு மொட்டையாக இருக்கலாமா?

இன்னொன்று, விற்கும்போது அவர் சொன்னது: இது கஜேந்திரா ரகம் அக்கா, அரிக்கவே அரிக்காது. கஜேந்திராவுக்கு அரிப்பு குறைவு, உண்மைதான். அந்த இரண்டு மொட்டைத் துண்டையும் நேற்று எரிசேரிக்கு, அதாவது தேங்காய் அரைத்து விடுகிற கூட்டுக்கு, நறுக்கினேன், முழங்கை வரைக்கும் அரிப்பு, புளியைக் கரைத்துத் தேய்த்தபிறகுதான் செல்லைப் பிடிக்கவே முடிந்தது. எரிசேரி நன்றாக இருந்தது, அதையும் சொல்ல வேண்டும். கிலோ 80 ரூபாய்க்கு நன்றாகத்தானே இருக்க வேண்டும்.

இப்போது நடவு. இந்த விளையில், அதாவது தோட்டத்தில், கிணற்றுக்குக் கிழக்கே ஐந்து குழி. ஒவ்வொன்றும் 60 சென்டிமீட்டர் அகலம், 45 ஆழம், குழிக்குக் குழி 90. மேல்மண்ணைத் தனியாக எடுத்து, காய்ந்த சாணிப்பொடி குழிக்கு இரண்டு கிலோ கலந்து, அதையே திரும்பப் போட்டு, துண்டைக் கண் மேலே பார்க்கிற மாதிரி வைத்து, மேலே கொஞ்சம் மண். அட, ஒன்றை விட்டுவிட்டேன், துண்டுகளை முதலிலேயே கெட்டியான சாணிக்கரைசலில் முக்கி நிழலில் உலர்த்த வேண்டும். நான் முந்தாநாளே செய்துவிட்டேன், அதனால்தான் இப்படிப் பச்சையாக இருக்கிறது, பூஞ்சணம் என்று நினைத்து யாரும் பயப்பட வேண்டாம். கடைசியில் மாவிலைச் சருகை அள்ளிக் குழியை மூட வேண்டும், மாசி வெயில் மண்ணைச் சுடாமல் இருக்கும். கோடை மழை விழும்போது முளை தானாகச் சருகைத் தள்ளிக்கொண்டு வரும்.

ஏன் மாசியிலேயே இந்த அவசரம் என்றால், கும்பத்தில் நட்டால் குடத்தளவு, மீனத்தில் நட்டால் மீன்கண்ணளவு என்று ஒரு மலையாளப் பழமொழி. கும்பம் என்றால் நம்ம மாசி, மீனம் பங்குனி. இந்தக் கன்னியாகுமரி ஜில்லா 1956 வரைக்கும் திருவிதாங்கூர்-கொச்சியோடு இருந்ததுதானே, மாமி இன்னமும் மாசத்தைக் கும்பம் மீனம் என்றுதான் கணக்கு வைப்பார்கள்.

வெள்ளரி பற்றிச் சொல்ல மறந்தே போனேன். கனி வெள்ளரி தை கடைசியிலேயே போட்டாச்சு, தடத்துக்கு ஐந்து விதை, அதில் தெம்பான மூன்றை விட்டுவிட்டு மற்றதைக் கிள்ளிவிட்டேன். சித்திரை விஷுவுக்குக் கனி காண மஞ்சளாக ஒன்று வேண்டும், போன வருஷம் காசு கொடுத்து வாங்கினது எனக்கு இன்னும் ஆறவில்லை. முதலில் வருகிற பூவெல்லாம் ஆண் பூதான், உதிரத்தான் செய்யும், போன தடவை மாதிரி பூ கொட்டுகிறது அக்கா என்று எல்லோரும் அழ வேண்டாம். பூவுக்குக் கீழே குட்டிக்காய் மாதிரி இருந்தால்தான் அது பெண் பூ.

வழுதலங்காய்ச் செடியை, கத்தரியைத்தான் சொல்கிறேன், பிடுங்கவில்லை, முழங்கால் உயரத்துக்கு வெட்டிவிட்டு அடியில் சாணி போட்டேன், ஏற்கெனவே துளிர் வந்துவிட்டது. குரோபேக்கில் வைக்கலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். மாடி மட்டும் இருப்பவர்கள் வையுங்கள், எனக்குப் பிடிக்காது, காலுக்கடியில் இவ்வளவு செம்மண்ணை வைத்துக்கொண்டு பையில் நட நான் என்ன பாவம் செய்தேன். அந்த ரோஸ் கலர்ப் பொடி பூசின விதையும் எனக்கு ஆகாது. அது பூஞ்சை மருந்து, பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள், மிஞ்சினதைச் சமையலில் போடாதீர்கள்.

வள்ளிப்பயறுதான் இந்த மாசத்துச் சண்டை. இரண்டு தடவை போட்டேன், இரண்டு தடவையும் மயில் கிளறித் தின்றுவிட்டது. விரட்டினால் கூரைமேல் ஏறி நின்று என்னையே பார்க்கிறது. மூன்றாம் தடவைக்குக் குளச்சலில் இருந்து பழைய மீன்வலை எடை போட்டு வாங்கி, நாலு பக்கமும் கம்பு ஊன்றிக் கட்டியிருக்கிறேன். மயில் கிட்டே வரவில்லை, அது வெற்றிதான். ஆனால் வலையில் மீன் வாசம் போகவில்லை, ஊர்ப் பூனையெல்லாம் இங்கேதான்.

அப்புறம் சேனை. ஐந்து குழி வெட்டியாச்சு, வித்து மூன்று. மீதிக் குழிக்கு என்ன செய்ய என்று மம்பட்டியை ஊன்றிக்கொண்டு நின்றேன். நாலாவது குழி போன வருஷத்துச் சேனைச் செடி நின்ற இடம், மண்ணைக் கிண்டும்போது கடகடவென்று என்னவோ உருண்டது. பார்த்தால் பிள்ளைக்கிழங்கு, எலுமிச்சம்பழம் அளவில் நாலு, பிடுங்கும்போது தப்பிக் கிடந்திருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் உச்சியில் கண்! இது பெரிய சேனை தராது, அடுத்த வருஷத்து வித்துக்கு ஆகும். குழிக்கு இரண்டாக வைத்துவிட்டேன். மாமி வந்து எட்டிப் பார்த்தார்கள், ஒரு வார்த்தை பேசவில்லை, உள்ளே போய் அடுப்புச் சாம்பலை அள்ளிக்கொண்டு வந்து அந்த இரண்டு குழியில் மட்டும் தூவிவிட்டுப் போனார்கள்.

இருங்கள், என்ன சத்தம்... வலைக்குள் பூனை மாட்டிக்கொண்டது. பயறு முளை எல்லாம் போச்சு. கேமரா ஓடட்டும், நான் அதை எடுத்துவிட்டு வருகிறேன்.