தள்ள ஆள் இருக்குமா?

நடுவர் அவர்களுக்கும் அவைக்கும் வணக்கம். "பிறப்பு விகிதம் குறைவது நன்மையா, ஆபத்தா?" இதுதான் தலைப்பு. நன்மையே என்று பேச வந்திருக்கிறேன்.

எதிரணித் தலைவர் என்ன சொன்னார்? "தென்கொரியாவில் 2023இல் ஒரு பெண்ணுக்குச் சராசரி 0.72 குழந்தை. தமிழ்நாட்டில் 2020 கணக்குப்படி 1.4. நாளைக்கு உங்களுக்குச் சக்கர நாற்காலி இருக்கும், தள்ளத்தான் ஆள் இருக்காது!" நீங்களும் கைதட்டினீர்கள். உலகம் அப்படியொன்றும் உடனே காலியாகிவிடாது ஐயா. 2022இல் 800 கோடியைத் தொட்டோம்; 2080களின் நடுவில் 1,030 கோடி வரை போய்த்தான் இறங்கும் என்பது ஐ.நா.வின் 2024 கணிப்பு.

சரி, ஆள் இல்லாத கதை இருக்கட்டும். ஆள் நிறைந்த வீட்டுக் கதையைக் கேளுங்கள். எங்கள் அப்பத்தா பெற்றது ஒன்பது, தங்கியது ஆறு. ராத்திரி கூடத்தில் எல்லாம் வரிசையாகப் படுத்ததும் தலை எண்ணுவார். ஒருநாள் எண்ணினால் ஏழு! திரும்ப எண்ணினார். ஏழு! அரிக்கேன் விளக்கைத் தூக்கிக்கொண்டு முகம் முகமாகப் பார்த்தால், நாலாவதாகக் கிடப்பவன் பக்கத்து வீட்டுப் பயல். இங்கேயே சோறு தின்றுவிட்டு இங்கேயே படுத்துவிட்டான். அவன் வீட்டில் யாரும் தேடவே இல்லை. அங்கே எட்டுப் பேர்! விடிந்ததும் கொண்டுபோய் விட்டால் அவன் அம்மா கேட்டாராம்: "அத்தை, இவன் எப்ப அங்க வந்தான்?"

அந்த ஆறு பேரும் நாற்காலியைத் தள்ளினார்களா? இந்த மாதம் உன் வீடு, அடுத்த மாதம் என் வீடு என்று முறை போட்டார்கள். துணிப்பையோடு ஊர் ஊராக அப்பத்தா அலைந்தார். கடைசியில் துடைத்துவிட்டதும் ஊட்டிவிட்டதும் சின்ன அத்தை ஒருத்திதான். தள்ளுகிற கை பெற்ற பிள்ளையின் கையாகத்தான் இருக்க வேண்டுமா? 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே மாத்திரை வருகிறது, இயன்முறை சிகிச்சை வருகிறது. அதை இன்னும் வளர்க்கச் சொல்லுங்கள், நானும் சேர்ந்து கேட்கிறேன்.

தங்காத மூன்றைச் சொன்னேனே. யார் கேட்டாலும் அப்பத்தா "எனக்கு ஒம்பது" என்றுதான் சொல்வார். அந்த மூன்றின் பெயரையும் விடாமல் சொல்வார். இன்று தமிழ்நாட்டில் ஆயிரம் குழந்தை பிறந்தால், ஒரு வயதுக்குள் இறப்பது 2020 கணக்குப்படி 13. பிறந்தது பிழைக்கும் என்ற தைரியம் வந்த பிறகுதானய்யா நம் பெண்கள் இரண்டோடு நிறுத்தினார்கள், ஒன்றோடு நிறுத்தினார்கள்!

என் அக்கா ஒருநாள் கேட்டாள்: "இத்தனை பிள்ளை வேணும்னு நெனச்சியா அப்பத்தா?"

"என்னைய யாருடி கேட்டா?"

நடுவர் அவர்களே, இன்று என் அக்காவைக் கேட்கிறார்கள். அவள் ஒன்று போதும் என்கிறாள். அந்தப் பதிலை ஆபத்து என்று தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். நன்றி, வணக்கம்.