தையல்காரப் பெண் சொன்ன துப்பு

நேயர்களுக்கு வணக்கம்.

குடல் மருத்துவரைப் பேசக் கூப்பிட்டால், நார்ச்சத்து சாப்பிடுங்கள் என்பார், அவ்வளவுதானே என்று நினைத்திருப்பீர்கள். கீரையும் காயும் நல்லதுதான். அதை உங்கள் வீட்டிலேயே சொல்லிவிடுவார்கள். நான் ஒரு தையல்காரப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வந்தேன்.

1895-ஆம் ஆண்டு. அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஆன் ஆர்பர் என்ற ஊர். அங்குள்ள பல்கலைக்கழகத்தில் ஆல்ட்ரெட் வார்தின் என்றொரு நோயியல் மருத்துவர். அவருக்குத் துணி தைத்துக் கொடுத்த பெண் ஒருநாள் மனம் வாடிப் பேசினார். சின்ன வயதிலேயே தான் செத்துப்போகப் போவதாகவும், தங்கள் குடும்பத்தில் பலரும் வயிறு, குடல், கருப்பை என்று ஏதாவது ஓரிடத்தில் புற்றுநோய் வந்துதான் போனார்கள் என்றும் சொன்னார். சொன்னபடியே கருப்பைப் புற்றுநோயில் இறந்தும் போனார்.

மனப்பிரமை என்று வார்தின் அதைத் தள்ளவில்லை. அந்தக் குடும்பத்தில் யார் எதனால் இறந்தார்கள் என்று தேடித் தொகுத்து, 1913-இல் வெளியிட்டார். பெரிதாக யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960-களில் நெப்ராஸ்காவின் ஒமாஹா நகரில், குடிப்பழக்கத்தால் சேர்க்கப்பட்ட ஒரு நோயாளி கிட்டத்தட்ட அதே வார்த்தைகளைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்தவர் ஹென்றி லிஞ்ச் என்ற இளம் மருத்துவர். புற்றுநோய் பரம்பரையாக வரும் என்று அவர் சொன்னதைப் பலர் நெடுநாள் ஏற்கவில்லை. இன்று அந்த நோய்க்கு அவர் பெயர்தான்: லிஞ்ச் சிண்ட்ரோம். 1993-இல் அதற்குக் காரணமான மரபணுக்களில் ஒன்றான எம்எஸ்எச்2 பிடிபட்டது. பிற்பாடு, அந்தத் தையல்காரப் பெண்ணின் வழித்தோன்றல்களிடமும் அதே மரபணுவில்தான் பழுது இருந்தது. ஒரு நூற்றாண்டுக்குப் பிறகு அவர் சொன்னதற்கு சாட்சி கிடைத்தது.

அந்த மரபணுவுக்கு என்ன வேலை? புரூஃப் பார்ப்பது. செல் ஒன்று இரண்டாகும்போது டி.என்.ஏ.வைப் படியெடுக்கிறது, எழுத்துப்பிழை விழும், திருத்த ஆள் வேண்டும். திருத்துகிறவர் வேலைக்கு வராவிட்டால் பிழைகள் குவியும். பெருங்குடல் புற்றுநோயில் பெரும்பாலானவை பாலிப் என்ற சிறு சதைமுளையில்தான் தொடங்குகின்றன. அது புற்றாக மாற மற்றவர்களுக்குப் பத்து வருடம்போல ஆகும். அந்த மரபணு பழுதானவர்களுக்கு இரண்டு மூன்று வருடமே போதும்.

அதனால்தான் இவர்களுக்கு இருபத்தைந்து வயதையொட்டியே கொலனோஸ்கோப்பி, அதாவது கேமரா வைத்த குழாயால் பெருங்குடலுக்குள் பார்க்கும் பரிசோதனை, தொடங்குகிறோம், ஒன்றிரண்டு வருடத்துக்கு ஒருமுறை செய்கிறோம். திரையில் பார்த்தால் பாலிப் சின்னக் காளான்போல எழும்பி நிற்கும். கம்பிச் சுருக்கைப் போட்டு இறுக்கினால் வந்துவிடும், வலிக்காது. பின்லாந்தில் இத்தகைய குடும்பங்களைச் சேர்ந்த 252 பேரைப் பதினைந்து வருடம் கவனித்தார்கள். மூன்று வருடத்துக்கு ஒருமுறை குடலைப் பரிசோதித்தவர்களில் 8 பேருக்கும், செய்யாத 119 பேரில் 19 பேருக்கும் புற்றுநோய் வந்தது. ஆஸ்பிரினும் இந்தக் குடும்பங்களில் ஆபத்தைக் குறைக்கிறது என்று பிரிட்டனின் ஜான் பர்ன் குழு காட்டியிருக்கிறது. கேட்ட கையோடு மெடிக்கல் ஷாப்புக்குப் போகாதீர்கள். வயிற்றில் ரத்தக்கசிவு வரக்கூடிய மாத்திரை அது.

பெருங்குடல் புற்றுநோயாளிகள் நூறு பேரில் லிஞ்ச் உள்ளவர்கள் மூன்று பேர்போலத்தான். ஆனால் பெற்றோரில் ஒருவருக்கு அந்த மரபணுப் பழுது இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர பாதிக்குப் பாதி வாய்ப்பு.

என் அறையில், மலத்தில் ரத்தம் என்று வருகிறவர்கள் பாதிப்பேர் "மூலமாத்தான் இருக்கும் டாக்டர், சூட்டு உடம்பு" என்று தீர்ப்போடே வருவார்கள். மூலமும் இருக்கலாம், அதற்கு மேலே வேறொன்றும் இருக்கலாம். வீட்டில் யாருக்காவது கேன்சர் உண்டா என்று கேட்டால், உடனே இல்லை என்பார்கள். அப்பா எதில் போனார்? "வயித்துக்கோளாறுங்க." எத்தனை வயதில்? "நாப்பத்தி ரெண்டு."

போன மாதம் ஓர் அம்மாவும் அப்படித்தான் சொன்னார். சீட்டின் பின்பக்கம் குடும்ப மரம் வரைந்து, தெரியாத பெயர்களுக்குப் பக்கத்தில் கேள்விக்குறி போட்டுக்கொண்டே வந்தேன். எட்டிப் பார்த்தவர், அங்கேயே செல்லை எடுத்து ஊரிலிருந்த பெரியம்மாவைக் கூப்பிட்டார். "பெரியம்மா, சித்தி எதுலே செத்தாங்க? மறைக்காம சொல்லுங்க." நெடுநேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு என் கையிலிருந்த பேனாவை வாங்கி, மூன்று கேள்விக்குறிகளை அடித்துவிட்டு அவரே எழுதினார்.